டி அண்ட் சி ரிப்போர்ட்டில் ‘புற்றுக்கு முந்தைய மாற்றம்’. கர்ப்பப்பையை எடுத்த பிறகு புற்று இருந்ததுன்னு வருமா?

மண்டபம் சரகம் நர்ஸ் கேட்டது:

வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கக் கடலோரக் கிராமங்களுக்கான துணை சுகாதார நிலையம் என் பொறுப்பு. ஒரு ரிப்போர்ட் பற்றி விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும். பேர், ஊர் வேண்டாம், விவரம் மட்டும் எழுதுறேன்.

வயசு 54. தூரம் (மாதவிடாய்) நின்னு மூணு வருஷம் ஆச்சு. நாலு மாசத்துல மூணு தடவை லேசா ரத்தம் பட்டிருக்கு. உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ. சுகர், பிரஷர் ரெண்டுக்கும் மாத்திரை எடுக்கிறாங்க. உள்வழி ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்சவ்வு 21 மி.மீ. தடிப்பு. டி அண்ட் சி, அதாவது உள்சவ்வைச் சுரண்டி எடுக்கிறது, பண்ணி வந்த ரிப்போர்ட்: ‘காம்ப்ளக்ஸ் ஹைப்பர்பிளேசியா வித் அட்டிப்பியா, அனுப்பிய மாதிரியில் புற்று காணப்படவில்லை’. உள்சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்து செல்லும் மாறியிருக்கு, புற்றுக்கு முந்தைய மாற்றம்னு அர்த்தம்.

பக்கத்து நர்சிங் ஹோம்ல கர்ப்பப்பையை எடுக்கத் தேதி குடுத்தாச்சு. இன்னொரு டாக்டர், மதுரைக்குப் போய் புற்றுநோய் சர்ஜன்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்கன்னு சொல்றார். வீட்டுல கேக்குறது இதுதான்: “புத்து இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க, பெறகு எதுக்கு மதுரை?” அதோட இன்னும் ரெண்டு பேச்சு ஓடுது. ‘சுத்தம் பண்ணியாச்சு, ரத்தமும் நின்னுருச்சு, மீன்பிடித் தடைக்காலத்துல ஆம்பளைங்க வீட்டுல இருப்பாங்க, அப்ப பாத்துக்கலாம்’னு ஒண்ணு. ‘போன வருஷம் சுகாதார நிலையத்துல பண்ணின வினிகர் டெஸ்ட் (கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை) நார்மல்தானே’ன்னு இன்னொண்ணு.

புற்று ஒளிஞ்சிருக்க எவ்வளவு வாய்ப்பு? எந்த ஆஸ்பத்திரியில பண்ணினா என்ன வித்தியாசம்? முன்னாடியே எதையெல்லாம் கேட்டு வச்சுக்கணும்?

---

வைகைக்கரை ஆன்கோ எழுதியது:

சிஸ்டர், அந்த ரிப்போர்ட்ல கவனிக்க வேண்டிய சொல் ‘அனுப்பிய மாதிரியில்’. வீட்டுக்காரங்க அந்தச் சொல்லைத் தாண்டி ‘புற்று காணப்படவில்லை’ங்கறதை மட்டும் படிச்சிருக்காங்க.

கர்ப்பப்பையை எடுக்கிறதுக்கு முன்னாடி பைபெல்ங்கற மெல்லிய பயாப்சி குழாய் போட்டு உறிஞ்சி, எடுத்த பிறகு உள்ளே எவ்வளவு பரப்பு தொடப்பட்டிருக்குன்னு அளந்து பார்த்திருக்காங்க. சராசரியா 4 சதவீதம்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சுரண்டுற டி அண்ட் சி அதைவிட நல்லா எடுக்கும். ஆனாலும் பாதிப் பேருக்கு மேல கர்ப்பப்பைக் குழியில பாதி கூடச் சுரண்டப்படுறதில்லை. கருக்குழாய் வந்து சேர்ற ரெண்டு மூலையும், பாலிப்புக்குப் பின்பக்கமும் பெரும்பாலும் தப்பிச்சிரும். அதனால ரிப்போர்ட் பொய் இல்லை. கையில கிடைச்ச துண்டைப் பற்றி அது சரியாத்தான் சொல்லுது.

எண்ணிக்கைக்கு வர்றேன். இதுல அதிகமா எடுத்துக் காட்டப்படுறது அமெரிக்காவுல கைனகாலஜிக் ஆன்காலஜி குரூப் நடத்தி 2006ல வெளியிட்ட ஆய்வு. பயாப்சியில அட்டிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியான்னு வந்து, 12 வாரத்துக்குள்ள வேற சிகிச்சை எதுவும் இல்லாம கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 289 பேர். அதுல 123 பேருக்கு, அதாவது நூத்துக்கு 43 பேருக்குப் புற்று ஏற்கனவே இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளை மொத்தமாச் சேர்த்துப் பார்த்தா மூணுல ஒருத்தர்னு கொஞ்சம் குறையுது. அட்டிப்பியா இல்லாத சாதாரண ஹைப்பர்பிளேசியாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது 20 வருஷத்துல 5 சதவீதத்துக்கும் குறைவாப் புற்றா மாறுற வேற வகை. மாத்திரையிலயோ கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் சாதனத்துலயோ பெரும்பாலும் சரியாகும். ரிப்போர்ட்ல ‘வித்’ போட்டிருக்கா ‘வித்அவுட்’ போட்டிருக்கான்னு ரெண்டு தடவை படிங்க. அந்த ஒரு சொல்லைத் தப்பாப் படிச்சு ரெண்டு பக்கமும் தவறு நடக்குது.

‘ஆபரேஷனுக்குள்ள புத்தா மாறிருச்சு’ன்னு சொல்றது அனேகமாத் தப்பு. பயாப்சி எடுத்த அன்னிக்கே பக்கத்துல இருந்தது. சுரண்டுற கருவி அங்க போகலை, அவ்வளவுதான்.

நீங்க சொன்ன பெண்ணுக்கு இந்த மூணுல ஒண்ணுங்கற சராசரியை அப்படியே சொல்ல மாட்டேன். தூரம் நின்னவங்க, பி.எம்.ஐ. (உயரத்துக்கேத்த எடைக் கணக்கு) 33க்கு மேல, சுகர், உள்சவ்வு 20 மி.மீ. தாண்டியிருக்கு. எல்லாமே வாய்ப்பைக் கூட்டுற பக்கம். பாதிக்குப் பாதின்னு எடுத்துக்கிட்டுத் திட்டம் போடுறதுதான் நியாயம்.

இதுல நல்ல பக்கமும் இருக்கு, வீட்டுல அதையும் சொல்லுங்க. அந்த 123 பேர்ல 38 பேருக்குத்தான் புற்று தசைச்சுவருக்குள்ள இறங்கியிருந்தது. சுவரோட வெளிப்பாதி வரைக்கும் போனது 13 பேருக்கு. மத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்ததே சிகிச்சை, கதிர்வீச்சோ கீமோவோ தேவைப்படாத நிலை. மதுரைங்கற பேச்சே இந்தக் கொஞ்சப் பேருக்காகத்தான். அவங்க யாருன்னு முன்கூட்டியே தெரியாது. ஆபரேஷனை எப்படிச் செய்யறாங்கங்கறதுல சில விஷயங்களைப் பிறகு திருத்தவே முடியாது.

திருத்த முடியாததுல முதல்ல வர்றது காவல் நிணநீர்க்கட்டி, அதாவது சென்டினல் நோட். கர்ப்பப்பை வாயில, கடிகாரக் கணக்குல 3 மணி, 9 மணி இடங்கள்ல இண்டோசயனின் கிரீன் சாயத்தை ஊசியாப் போட்டு, அது முதல்ல போய்ச் சேர்ற கட்டியைத் தனிக் கேமராவில பார்த்து எடுக்கிறது. கர்ப்பப்பை வாயே போன பிறகு சாயம் போட இடம் இல்லை. பின்னாடி புற்றுன்னு வந்து நிணநீர்க்கட்டி நிலவரம் தெரிய வேண்டியிருந்தா, ஒண்ணு ஸ்கேனை நம்பணும், இல்லைன்னா மறுபடி வயித்தைத் திறந்து முழுசா எடுக்கணும். முழுசா எடுத்தா சிலருக்குக் கால்வீக்கம் ஆயுசுக்கும் நிக்கும்.

அடுத்தது, கர்ப்பப்பை துண்டாகாம வரணும். லேப்ராஸ்கோப்பில எடுத்தாலும் யோனி வழியா முழுசா வரணும். பெரிசா இருந்தா பைக்குள்ள போட்டு எடுக்கலாம், இல்லைன்னா வயித்தில கோடு போட்டு எடுக்கலாம். வயித்துக்குள்ள மெஷின் வச்சு அரைச்சு எடுக்கிறது இந்த ரிப்போர்ட்டுக்குக் கூடவே கூடாது. புற்று இருந்தா வயிறு முழுக்கத் தூவின மாதிரி ஆகும். கர்ப்பப்பை வாயை விட்டுட்டு மேல்பாகத்தை மட்டும் எடுக்கிறதும் கூடாது. தூரம் நின்னவங்களுக்கு ரெண்டு கருக்குழாய், ரெண்டு சினைப்பை எல்லாம் சேர்த்தே எடுக்கணும்.

உள்சவ்வைச் சுட்டுக் கருக்குற அப்லேஷன் இதுக்குத் தீர்வு இல்லை. ரத்தம் நிக்கும், அடியில இருக்கிறது அப்படியே வளரும், பிறகு ஸ்கேன்லயும் தெரியாது, பயாப்சிக்கும் வழி அடைஞ்சிரும்.

தேதிக்கு முன்னாடி ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தா சுவருக்குள்ள இறங்கியிருக்கா, கட்டி எதுவும் பெரிசாத் தெரியுதான்னு ஒரு யூகம் கிடைக்கும். ஆனா எம்.ஆர்.ஐ. நார்மல்ங்கறதும் ‘இல்லை’ன்னு அர்த்தம் ஆகாது.

---

ஸ்லைடு கண்ணாடி எழுதியது:

பேத்தாலஜி பக்கத்துல இருந்து. டாக்டர் சொன்ன அதே 2006 ஆய்வுல யாரும் அதிகம் பேசாத பாதி ஒண்ணு இருக்கு. அந்த 289 ஸ்லைடையும் மூணு நிபுணர்கள் தனித்தனியாத் திரும்பப் பார்த்தாங்க. அட்டிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியாதான்னு பெரும்பான்மை ஒத்துக்கிட்டது 115. அதைவிடக் குறைவான மாற்றம்னு சொன்னது 74. இது புற்றே ஆச்சேன்னு சொன்னது 84. மிச்சம் 16ல ஒருத்தரோட ஒருத்தர் ஒத்தே போகலை. எந்த ஊர் லேபையும் குறை சொல்ல இதைச் சொல்லலை. அட்டிப்பியாவுக்கும் முதல் தரப் புற்றுக்கும் நடுவுல உள்ள கோடு அவ்வளவு மெல்லிசு. சுரப்பிகள் இடைவெளி இல்லாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல இருக்கிற தாங்குதிசுவே காணாம, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாத் தெரிஞ்சா அது புற்று. சுரண்டி எடுத்த துண்டு நசுங்கி, ரத்தக்கட்டியோட கலந்து வரும்போது இதை எப்படி அளக்கிறது?

அதனால ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதிச்ச மெழுகுக்கட்டி) வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட, முடிஞ்சா மகளிர் புற்றுநோய் பார்க்கிறவர்கிட்ட, மறுவாசிப்புக்குக் குடுக்கணும். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துட்டுப் போனா பயன் இல்லை. மறுவாசிப்புல புற்றுன்னு வந்தா திட்டமே மாறும். அந்த 84 பேர்ல 54 பேருக்குக் கர்ப்பப்பையில புற்று இருந்தது. ‘குறைவுதான்’னு வந்தா நிம்மதின்னு வீட்டுக்குப் போயிரக்கூடாது. அந்த 74 பேர்லயும் 14 பேருக்கு இருந்தது.

இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன். கர்ப்பப்பையை எடுத்த பிறகு லேபுக்கு வந்து சேர்றதுக்குள்ள அதைக் கெடுக்கிறது. இது பற்றி யாரும் கேக்குறது இல்லை.

திசுவைப் பதப்படுத்துற ஃபார்மலின் சுவர் வழியா மணிக்கு ஒரு மி.மீ. கூட ஊறாது. மூடின கர்ப்பப்பையை அப்படியே டப்பாவுல போட்டா வெளிப்பக்கம் கெட்டியாகும், நமக்கு வேணும்ங்கிற உள்சவ்வு உள்ளேயே அழுகும். நம்ம கடற்கரை வெயில்ல, பஸ் டிக்கியில மூணு மணி நேரம் போனா சொல்லவே வேண்டாம். அழுகின உள்சவ்வுல செல் கரு தெரியாது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குன்னு அளக்கவும் முடியாது. எடுத்த உடனே கர்ப்பப்பை வாய் வழியா ஒரு கம்பியை விட்டு, அதை ஒட்டியே 3 மணி, 9 மணி பக்கவாட்டுல புத்தகம் திறக்கிற மாதிரி ரெண்டாப் பிளந்து, நடுவுல ஒரு துணித்துண்டு வச்சு ஃபார்மலின்ல மூழ்க விடணும். சர்ஜனுக்குப் பிளக்கப் பிடிக்கலைன்னா லேபைக் கூப்பிட்டுச் சொல்லட்டும், பேத்தாலஜிஸ்டே செய்வார். ஆனா அதே நாளே வந்து சேரணும்.

அளவு: திசு எடையைப் போல பத்து மடங்கு. 120 கிராம் கர்ப்பப்பைக்கு 1.2 லிட்டர். சினைப்பை, குழாய் எல்லாம் சேர்த்தா ரெண்டு லிட்டர்னு வச்சுக்கங்க. கடையில வாங்குற ஃபார்மலினை அப்படியே ஊத்தக்கூடாது. 100 மி.லி. ஃபார்மலின், 900 மி.லி. தண்ணீர், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். தண்ணீர்னா காய்ச்சி வடிச்ச தண்ணீர். நம்ம மாவட்டத்துப் போர் தண்ணியோட உப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ரெண்டு உப்பையும் போடாம விட்டா நாள்பட நாள்படப் புளிச்சு, ஸ்லைடுல கறுப்புப் பொடியா நிக்கும். பிறகு புரதம் பார்க்கப் பண்ணுற இம்யூனோ சாயத்தையும் கெடுக்கும். சலைன் பாட்டில்ல போட்டு அனுப்புறது பதப்படுத்துறது ஆகாது.

இன்னொண்ணு: குறுகின வாய் ஜாடி வேண்டாம். உள்ளே போகும்போது மெத்துன்னு போயிரும், கெட்டியான பிறகு வெளியே வராது. கடைசியில பிடிச்சு இழுத்து உள்சவ்வு உரிஞ்சு போகும்.

விண்ணப்பத்துல ‘கர்ப்பப்பை, ரத்தப்போக்கு’ன்னு ரெண்டு சொல் எழுதி அனுப்பினா, லேப்ல வழக்கமான ரெண்டு மூணு இடத்துல மட்டும் துண்டு எடுப்பாங்க. ‘டி அண்ட் சியில் அட்டிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியா, புற்று இருக்கா என்று பார்க்கவும்’னு எழுதி, பழைய பயாப்சி எண்ணையும் போடணும். அப்பத்தான் கண்ணுக்குக் கட்டி எதுவும் தெரியாட்டியும் உள்சவ்வு முழுசையும் வரிசையா வெட்டி வைப்பாங்க. இருவது முப்பது பிளாக் ஆகும், வேலைதான், ஆனா ஒளிஞ்சிருக்கிறது அதுலதான் அகப்படும். இதே ஒரு வரி இல்லாம ‘புற்று இல்லை’ன்னு போன ரிப்போர்ட்டுகள் எத்தனையோ இருக்கும்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வராது.

---

சேதுக்கரை கைனிக் எழுதியது:

ரெண்டு பேரும் சொன்னதுல தப்பில்லை. ஆனா படிக்கிறவங்க ‘இந்த ரிப்போர்ட் வந்தா எல்லாரும் மதுரைக்கு ஓடணும், எல்லாருக்கும் நிணநீர்க்கட்டி எடுக்கணும்’னு எடுத்துக்குவாங்க. அதை நான் ஒத்துக்க மாட்டேன்.

அட்டிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியான்னு வந்தவங்கள்ல நிணநீர்க்கட்டி வரைக்கும் பரவியிருக்கிறது மிக அபூர்வம். 43 வயசு, தூரம் இன்னும் நிக்கலை, உள்சவ்வு 11 மி.மீ., ஹிஸ்டெரோஸ்கோப்ல (கர்ப்பப்பைக்குள்ள விடுற கேமரா) பார்த்துக் குறிவச்சு எடுத்த பயாப்சி, மறுவாசிப்புலயும் அட்டிப்பியாதான்னா, மாவட்டத்துலயே அனுபவமுள்ள கைனகாலஜிஸ்ட் முழுக் கர்ப்பப்பையையும் குழாய்களையும் எடுக்கலாம். மண்டபத்துல இருந்து சுமார் 150 கிலோமீட்டர் பயணம், துணைக்கு ரெண்டு பேர், பத்து நாள் கூலி போறது, இதெல்லாம் கணக்குல வராதா? தொலைவுன்னு பயந்து ஆபரேஷனே வேண்டாம்னு இருந்துட்டா அது இதைவிட மோசம்.

அனுப்பியே ஆகணும்னு நான் பிரிக்கிறது இப்படி: தூரம் நின்ன பிறகு வந்தது, உள்சவ்வு 20 மி.மீ. அல்லது மேல, ரிப்போர்ட்ல ‘புற்றை விலக்க முடியவில்லை’ங்கற சொல், எம்.ஆர்.ஐ.யில சுவர் கலைஞ்சு தெரியறது, குடும்பத்துல 50 வயசுக்குள்ள குடல் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ வந்திருக்கிறது, மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபன் மாத்திரை சாப்பிடுறவங்க. சிஸ்டர் சொன்னவங்க முதல் ரெண்டுலயே விழுறாங்க, அதனால அவங்களை அனுப்புறதுல எனக்கும் மறுப்பு இல்லை.

‘ஆபரேஷன் டேபிள்லயே ஃபிரோசன் செக்‌ஷன் பார்த்துரலாம்’னு சிலர் சமாதானம் சொல்வாங்க. உறைய வச்ச திசுவுல பனிக்கட்டி கீறல் விழும், ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும்தான் வெட்டிப் பார்க்க நேரம் இருக்கும். கட்டி ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சு எவ்வளவு ஆழம்னு பார்க்க உதவும். அட்டிப்பியாவா புற்றான்னு பிரிக்க அது நல்ல கருவி இல்லை. ஃபிரோசனுக்கு அனுப்புறது ஃபார்மலின் படாம பச்சையா போகணும்ங்கறது ஸ்லைடு கண்ணாடிக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

---

வைகைக்கரை ஆன்கோ எழுதியது:

சேதுக்கரை டாக்டர் பிரிச்சது சரி, ஏத்துக்கிறேன். ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். மாவட்டத்துல பண்ணினாலும் வயித்தைத் திறந்த உடனே சினைப்பை, குடல் மேல் கொழுப்புப் படலம், கல்லீரல் மேல்பரப்பு எல்லாம் கண்ணால பார்த்துக் குறிப்புல எழுதணும். பின்னாடி புற்றுன்னு வந்தா எங்களுக்கு அந்த நாலு வரி தங்கம். ‘வயிறு நார்மல்’னு ஒரு சொல்லோட முடிஞ்ச குறிப்பை வச்சு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. யோனி வழியா மட்டும் எடுத்தா மேல் வயித்தைப் பார்க்க முடியாது, சில பேருக்குச் சினைப்பையும் எட்டாது. இதயம், நுரையீரல் தாங்காதவங்களுக்கு மட்டும் அதை வைக்கலாம்.

---

காப்பீடு ஹெல்ப் டெஸ்க் எழுதியது:

காகித வேலை பற்றி யாரும் சொல்லலை, அதுலதான் வாரக்கணக்கில நிக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கார்டு இல்லைன்னா வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துட்டு நோயாளியே ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போகணும். குடும்ப அட்டையில மருமகள் பேர் ஏறாம அம்மா வீட்டு அட்டையிலேயே இருக்கிறது நிறைய நடக்குது. அதை முதல்ல பாருங்க. ஆதார்ல ஒரு பேர், ரிப்போர்ட்ல ஒரு பேர்னு இருந்தாலும் நிக்கும். லேப்ல மாதிரி குடுக்கும்போதே ஆதார்ல உள்ளபடி எழுதச் சொல்லுங்க.

முன் ஒப்புதல் எந்த நோய்க்குக் கேக்குறாங்களோ அதுக்குள்ள பேக்கேஜ்தான் வரும். வெறும் கர்ப்பப்பை அகற்றலுக்கு ஒப்புதல் வாங்கிட்டு, உள்ளே போய் நிணநீர்க்கட்டியும் எடுத்தா யார் குடுக்கிறது? சேர்க்கைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி வார்டு மேனேஜர்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டு வைங்க.

பிளாக், ஸ்லைடு வாங்கும்போது லேப் ஒரு ரசீதுல கையெழுத்து வாங்கும். அந்த ரசீதையும் பத்திரமா வைங்க. மறுவாசிப்பு முடிஞ்சா பிளாக்கைத் திரும்ப வாங்குங்க. சட்டைப் பையில போட்டு வெயில்ல அலைஞ்சா பாரஃபின் இளகிக் கெடும். சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுல, நிழல்ல வச்சுக் கொண்டு போகணும்.

மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்புறதுக்குச் சுகர்தான் முதல் காரணம். எச்.பி.ஏ.1.சி. (மூணு மாசச் சுகர் சராசரி) 8க்குள்ள வந்தாத்தான் தேதி நிக்கும். ரத்தம் 10 கிராமுக்குக் கீழ இருந்தா இரும்பு ஊசிக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணணும். சுகர் மாத்திரையில ‘கிளிஃப்ளோசின்’னு முடியுற வகை இருந்தா ஆபரேஷனுக்கு மூணு நாலு நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க. மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போனா குழப்பம் வராது.

---

மண்டபம் சரகம் நர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ‘ஒரு இடத்துல வலை விட்டு மீன் இல்லைன்னா கடல்லயே மீன் இல்லைன்னு ஆயிருமா’ன்னு கேட்டா எங்க பக்கத்துல உடனே புரிஞ்சுக்குவாங்க. வினிகர் டெஸ்ட், தடைக்காலம், ரெண்டுக்கும் என்ன சொல்றது?

இன்னும் ரெண்டு கேள்வி. இங்க நிறையப் பெண்கள் கடல்பாசி எடுக்க மூழ்குறவங்க. ஆபரேஷன் முடிஞ்சு எப்ப கடல்ல இறங்கலாம்? அப்புறம் இன்னொருத்தர், வயசு 34, குழந்தை இல்லை, இதே அட்டிப்பியா ரிப்போர்ட். அவங்களுக்கும் எடுத்துத்தான் ஆகணுமா?

---

சேதுக்கரை கைனிக் எழுதியது:

வினிகர் டெஸ்ட் கர்ப்பப்பை வாயை மட்டும் பார்க்கிறது. உள்சவ்வுப் புற்று அதுல தெரியாது, பாப் ஸ்மியர்லயும் நம்பிக்கையாத் தெரியாது. நார்மல்னு அட்டை இருந்தாலும் தூரம் நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டா மறுபடி பார்த்தே ஆகணும். இதை உங்க பரிசோதனை முகாம்லயே வாய்விட்டுச் சொல்லிடுங்க சிஸ்டர், அந்த ‘நார்மல்’ அட்டையைக் காட்டியே ஆறு மாசம் தள்ளுறவங்க இருக்காங்க.

‘சுத்தம் பண்ணுறது’ங்கற பேச்சுதான் பெரிய வில்லங்கம். டி அண்ட் சி பரிசோதனைக்கு எடுத்தது, வைத்தியத்துக்கு இல்லை. சுரண்டினதால ரத்தம் கொஞ்ச நாள் நிக்கும், மிச்சம் உள்ளே இருக்கு. தடைக்காலம் ஏப்ரல் 15ல தொடங்கி 61 நாள். அது அடுத்த மாசம்னா காத்திருக்கலாம், அஞ்சு மாசம் கழிச்சுன்னா கூடாது. சுகர் குறைக்க, கார்டு எடுக்க நாலஞ்சு வாரம் போகுதுன்னா பயப்பட வேண்டாம். அந்த இடைவெளியில புரோஜெஸ்டிரான் மாத்திரை குடுக்கலாமான்னு சர்ஜன்கிட்டயே கேட்டுக்கங்க.

கடல்பாசி: எட்டு வாரம் தண்ணிக்குள்ள மூழ்கவே கூடாது. கர்ப்பப்பை இருந்த இடத்துல யோனியோட மேல்முனையில தையல் இருக்கு. வெளித்தழும்பு பத்து நாள்ல ஆறினாலும் அந்தத் தையல் ஆற நாளாகும். மூழ்கி மூச்சடக்கும்போது வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும், ஈரப்பாசி மூட்டையைத் தூக்கும்போதும் அதேதான். ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல தூக்க வேண்டாம், தண்ணிக்குடமும் சேர்த்துத்தான். லேப்ராஸ்கோப்ல பண்ணினவங்களுக்கு வலி குறைவு, சீக்கிரம் வேலைக்கு இறங்கிடுறாங்க. உள்தையல் பிரியறதும் அவங்களுக்குத்தான் அதிகம். திடீர்னு கீழே தண்ணியாக் கொட்டினாலோ, ஏதோ இறங்குற மாதிரி இருந்தாலோ படுக்க வச்சு உடனே ஆஸ்பத்திரி. இறங்கினதை உள்ளே தள்ளப் பார்க்காதீங்க, ஈரத்துணி போட்டு மூடிக் கூட்டிட்டுப் போங்க.

---

வைகைக்கரை ஆன்கோ எழுதியது:

34 வயசுக்காரங்களுக்கு எடுத்தே ஆகணும்னு இல்லை. முதல்ல ஹிஸ்டெரோஸ்கோப்ல பார்த்து நல்ல பயாப்சி, மறுவாசிப்பு, எம்.ஆர்.ஐ. மூணும் முடியணும். ஒளிஞ்ச புற்றை முடிஞ்ச அளவு விலக்காம ஹார்மோன் குடுக்கக்கூடாது. பிறகு 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள்ள வைக்கலாம், இல்லைன்னா மெஜெஸ்ட்ரால் மாத்திரை தினம் 160 மி.கி. சாதாரணக் காப்பர்-டி இதுக்கு உதவாது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு விட்டுடக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பயாப்சி. ரெண்டு தடவை தொடர்ந்து சுத்தமா வந்தா, தாமதிக்காம குழந்தைக்கு முயற்சி. எடை குறைஞ்சா ஹார்மோன் வேலை செய்யறதும் கூடும், கரு நிக்கறதும் கூடும். ஒரு வருஷத்துக்குப் பக்கமாகியும் மாறலைன்னா எடுக்கிறதுதான் வழி. குழந்தை பிறந்து முடிஞ்ச பிறகும் திரும்ப வர்ற வாய்ப்பு உண்டு, அதனால பிறகு எடுத்துடச் சொல்வோம். அந்த மூணு மாசப் பயாப்சிக்கு வராம விட்டுடுறதுதான் இதுல நடக்குற முக்கியக் கோளாறு. தேதியை உங்க ரெஜிஸ்டர்ல எழுதி வச்சு நீங்களே கூப்பிட்டீங்கன்னா ரொம்ப உதவி.

54 வயசுக்காரங்களுக்குக் கடைசி ரிப்போர்ட்ல புற்றுன்னு வந்தா அதுல தரம், ஆழம், ரத்தநாளத்துக்குள்ள செல் போயிருக்கா, இந்த மூணும் இருக்கணும். கூடவே பி53, அப்புறம் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2ங்கற நாலு புரதச் சோதனையும் கேளுங்க. அந்த நாலுல குறை இருந்தா பரம்பரையா வர்ற லிஞ்ச் குறைபாடான்னு பார்க்கணும். அது பிள்ளைங்களோட குடல் பரிசோதனை வரைக்கும் போற விஷயம்.

---

மண்டபம் சரகம் நர்ஸ் எழுதியது:

குறிச்சுக்கிட்டேன் டாக்டர். நர்சிங் ஹோம் தேதியை நிறுத்தச் சொல்லியாச்சு, நாளைக்கு ஸ்லைடும் பிளாக்கும் வாங்கப் போறாங்க. ஸ்லைடு கண்ணாடி சார், ஒரே ஒரு சந்தேகம். 43 வயசுன்னு சேதுக்கரை டாக்டர் சொன்ன மாதிரி ஒருத்தருக்கு இங்கேயே பண்ணினா, டப்பா எவ்வளவு பெரிசு?

---

ஸ்லைடு கண்ணாடி எழுதியது:

மூணு லிட்டர், கை உள்ளே போற அளவு வாய் அகலமா, மூடி திருகுற வகை. ஊறுகாய்க் கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் டப்பாவே போதும், புதுசா இருக்கணும். பேரை மூடியில எழுதாதீங்க, டப்பா உடம்புல ஒட்டுங்க. மூடி மாறிப் போகும்.